ஆலோசகர்களை உருவாக்குபவர்கள் எங்கே?

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமான ஓர் உத்தரவைப் பிறப்பித்தது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கு அது. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும், குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும் என்றது தீர்ப்பு. அதே ஆண்டு மார்ச் மாதம், தில்லி ஐஐடி மாணவர் இருவரின் மரணம் குறித்த வழக்கில், ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றையும் இதே நீதிமன்றம் அமைத்திருந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். இந்த எண்ணுக்கு முன்னால் எந்த உத்தரவும் மிகையாகாது. தீர்ப்பை முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் ஆலோசகரை நியமிக்கச் சொல்வது எளிது. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார், அவர் தடுமாறும்போது அருகிலிருந்து பார்த்துத் திருத்தப் போகிறவர் யார் என்ற கேள்வி அந்த உத்தரவுக்கு வெளியே நிற்கிறது. எழுபது ஆண்டுகளாக இந்தியா ஆலோசகர் பணியிடங்களை அறிவித்துக்கொண்டே வந்திருக்கிறது. ஆலோசகர்களை வளர்த்தெடுக்கும் ஆசிரியர்களுக்கான படிப்பை மட்டும் கட்டவில்லை. ஆலோசகர் கல்வியிலும் மேற்பார்வையிலும் ஒரு முனைவர் பட்டம் இங்கே ஆடம்பரமாகப் படலாம். இந்தத் துறையின் மற்ற எல்லாக் குறைகளும் அந்தப் பட்டம் இல்லாததையே சுற்றி நிற்கின்றன என்பது என் கணிப்பு.

இந்த வரலாற்றில் முதலில் வருபவர் ஒரு தமிழர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நீண்ட காலம் இருந்த ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பள்ளிகளில் வழிகாட்டும் அலுவலர்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதோடு நில்லாமல், அவர்களுக்குப் பயிற்சி தரும் மையங்களைப் பல வட்டாரங்களில் மத்திய அரசே திறக்க வேண்டும் என்றும் எழுதிவைத்தது. பணியிடத்தையும் பயிற்சியையும் ஒரே மூச்சில் கேட்ட அறிக்கை அது. 1954இல் மத்தியக் கல்வி, தொழில் வழிகாட்டல் பணியகம் தில்லியில் தொடங்கப்பட்டது. 1961இல் என்சிஇஆர்டி உருவானபோது அதனோடு சேர்ந்தது. வழிகாட்டலுக்கான பட்டயப் படிப்பு அந்த மரபில் பிறந்து, வடிவம் மாறி, இன்றும் என்சிஇஆர்டியின் அரவிந்தர் மார்க் வளாகத்திலிருந்து நடக்கிறது. தென்னிந்திய ஆசிரியர்கள் மைசூரு வட்டாரக் கல்வி நிறுவனத்தின் வழியாக அதில் சேர முடிந்திருக்கிறது. தொலைநிலைப் பாடம், நேரடி வகுப்பு, களப்பயிற்சி என மூன்று கட்டங்கள் கொண்ட, ஓராண்டுக்குள் முடியும் படிப்பு. நல்ல படிப்புதான், மறுக்கவில்லை. 1964-66இல் கோத்தாரி கல்வி ஆணையம் வந்தது. வழிகாட்டல் தொடக்கப்பள்ளியிலிருந்தே கல்வியின் பகுதியாக இருக்க வேண்டும் என்று சொன்ன அந்த ஆணையம், நடைமுறைக்கு வரும்போது பத்து இடைநிலைப் பள்ளிகளுக்கு ஒரு வருகை ஆலோசகர் போதும் என்று இறங்கிவந்தது. பயிற்சி பெற்ற ஆள் போதாதது அதற்கு ஒரு காரணம். சிபிஎஸ்இ தன் இணைப்பு விதிகளில் ஆலோசகரைக் கட்டாயமாக்கியது. தில்லி அரசுப் பள்ளிகளில் இவிஜிசி என்று எல்லாரும் சுருக்கிச் சொல்லும் கல்வி, தொழில் வழிகாட்டல் ஆலோசகர் பணியிடங்கள் வந்தன. ஒவ்வொரு பத்தாண்டிலும் அடித்தளம் அகலமாகிக்கொண்டே போனது; அதன் மேல் எழ வேண்டிய கட்டுமானம் பட்டயத்தோடும் முதுகலையோடும் நின்றுவிட்டது.

மேற்பார்வை என்றதும் நம் ஊரில் வருகைப் பதிவேட்டைச் சரிபார்க்கும் அதிகாரி நினைவுக்கு வருவார். இந்தத் துறையில் நடப்பது முற்றிலும் வேறு. பயிற்சியில் இருக்கும் ஓர் ஆலோசகர், பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனோடு நாற்பது நிமிடம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோரின் ஒப்புதலோடும் மாணவனின் ஒப்புதலோடும் அது ஒலிப்பதிவாகிறது. பன்னிரண்டாவது நிமிடத்தில் மாணவன், "வீட்டுக்குப் போகவே பிடிக்கல சார்" என்கிறான். ஆலோசகர் உடனே, "சரி, கணக்குல மார்க் ஏன் குறைஞ்சுது?" என்று கேட்டுவிடுகிறார். வாரம் ஒருமுறை மேற்பார்வையாளரோடு உட்காரும்போது பதிவு அந்த இடத்தில் நிறுத்தப்படும். அவன் சொன்னது காதில் விழுந்ததா, விழுந்தும் விலகிப் போகத் தோன்றியது ஏன், வீட்டைப் பற்றிய பேச்சு தொடங்கினால் அடி உதை பற்றிய செய்தி வந்துவிடுமோ, போக்சோ சட்டப்படி புகார் செய்ய நேருமோ என்ற அச்சமா, தன் வீட்டு ஞாபகமா, வெறும் அவசரமா? அடுத்த வாரம் அவன் வந்தால் அந்த இடத்துக்கு எப்படித் திரும்பிப் போவது? இதையெல்லாம் பயிற்சியாளர் கூசிப்போகாதபடி கேட்க வேண்டும். அதே நேரம் மாணவனின் பாதுகாப்பில் துளியும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இந்தத் தொழிலுக்கு இவர் ஏற்றவர் அல்லர் என்று தெரிந்தால் அதைச் சொல்லும் துணிவும் வேண்டும். நல்ல ஆலோசகர் எல்லாரும் இதைச் செய்துவிட முடியாது. நன்றாகப் பாடுகிறவர் எல்லாரும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பவராக ஆகிவிடுவதில்லை அல்லவா? இது தனியாகக் கற்க வேண்டிய வித்தை.

அமெரிக்காவில் இந்த வித்தைக்கு ஒரு பட்டமே இருக்கிறது. 1981இல் தோன்றிய கேக்ரெப் என்ற தரச்சான்று அமைப்பு, ஆலோசனை, மேற்பார்வை, கற்பித்தல், ஆய்வு, தலைமையும் உரிமைக்குரலும் என்று ஐந்து தூண்களை முனைவர் படிப்புக்கு வகுத்தது. ஆய்வேடு எழுதினால் மட்டும் பட்டம் வராது. 600 மணி நேர உள்ளகப் பயிற்சியில் முதுகலை மாணவர்களை மேற்பார்வை செய்வது, வகுப்பெடுப்பது போன்ற பணிகளைச் செய்துகாட்ட வேண்டும். தன் மேற்பார்வையையும் மூத்தவர் ஒருவர் மேற்பார்வை செய்ய இடம் கொடுக்க வேண்டும். அந்த முதுகலை மாணவருக்கு வாரந்தோறும் தனி மேற்பார்வையும் குழு மேற்பார்வையும் உண்டு. முதுகலை மாணவர், முனைவர் மாணவர், பேராசிரியர் என்ற மூன்று படிகளும் ஒரே துறையில் ஒருவரையொருவர் தாங்கி நிற்கின்றன. நடுப்படியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு தில்லியே சான்று.

தில்லியில் படிப்புகளுக்குப் பஞ்சமில்லை. மைதான் கடியில் இருக்கும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உளவியல் முதுகலையையும், ஆலோசனை, குடும்பச் சிகிச்சைப் படிப்பையும் நாடு முழுவதற்கும் கொண்டுபோனது. ஆனால் 2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு, உளவியல் உள்ளிட்ட நலத்துறைப் படிப்புகளை இனித் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று அறிவித்தது. நேருக்கு நேர் பயிற்சி இல்லாமல் இந்தத் தொழிலைக் கற்க முடியாது என்பது அதன் உட்பொருள். சரியான முடிவுதான்; ஆனால் நேரில் பயிற்சி தரப் போகும் ஆட்கள் எங்கிருந்து வருவார்கள் என்பதற்கு அந்த அறிவிப்பில் விடை இல்லை. முனைவர் பட்டத்துக்கு வருவோம். உளவியல் துறையிலோ கல்வியியல் துறையிலோ பதிவு செய்துகொண்டு ஆலோசனை பற்றிய தலைப்பில் ஆய்வு செய்யலாம். 2024 ஜூன் முதல், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வின் மதிப்பெண்ணே முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுகிறது. பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு அது. எதிரே அழுதுகொண்டிருப்பவரிடம் எப்படிப் பேசுவார் என்பதை அதனால் அளக்க முடியாது, அளக்கும் நோக்கமும் அதற்கில்லை. 2022 நவம்பரில் வந்த முனைவர் பட்ட விதிமுறைகள் குறைந்தது 12 கிரெடிட் பாடநெறி, குறைந்தது மூன்று ஆண்டு, கூடியது ஆறு ஆண்டு என்கின்றன. ஒரு மணி நேரமாவது ஆலோசனை அறையில் இருந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் கேட்கவில்லை. பதின்பருவத்தினரின் பதற்றத்துக்கும் தன்மதிப்புக்கும் உள்ள தொடர்பை வினாத்தாள்களால் அளந்து, அட்டவணைகளோடு ஆய்வேடு எழுதி, முனைவராகி, மறு ஆண்டே ஆலோசகர்களுக்குப் பாடம் எடுக்கலாம். ஆய்வேட்டைக் குறை சொல்லவில்லை. அந்த அளவீடும் அறிவுக்குத் தேவைதான். அதை வைத்துக்கொண்டு ஆலோசகர்களை வளர்க்கும் தகுதி வந்துவிட்டதாக எண்ணுவதுதான் பிழை.

ஆலோசனை அறையையும் ஆய்வையும் இணைக்கும் பட்டத்துக்கு மிக நெருங்கி வந்த ஒரு முயற்சி தில்லியிலேயே இருந்தது. அம்பேத்கர் பல்கலைக்கழகம் தன் மனித ஆய்வியல் புலத்தில் உளப்பகுப்பாய்வு சார்ந்த உளச்சிகிச்சைக்கு ஒரு எம்.ஃபில். பட்டத்தை உருவாக்கியது. அதன் 'எஹ்சாஸ்' மையத்துக்குச் சாதாரண மக்கள் சிகிச்சைக்காக வந்தார்கள். மாணவர்கள் மூத்தவர்களின் மேற்பார்வையில் அவர்களோடு பணியாற்றிக் கற்றார்கள். பிறகு அதே 2022 விதிமுறைகள் எம்.ஃபில். என்ற பட்டத்தையே நீக்கின. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 வரை விலக்கு கிடைத்தது. மற்ற எம்.ஃபில். பட்டங்களுக்கு அந்த விலக்கும் இல்லை. ஒரு பட்டத்தை எடுப்பது அரசின் உரிமை. ஆனால் சிகிச்சை அறையும் ஆய்வும் ஒன்றாக இருந்த ஒரு படியை அகற்றும்போது, அந்த இடத்தில் எதை வைக்கப் போகிறோம் என்று சொல்லும் கடமையும் அதற்கு உண்டு.

சட்டமும் ஆலோசகரைப் பாதி வழியில்தான் விட்டிருக்கிறது. மருத்துவ உளவியலாளரை 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு மன்றம் பதிவு செய்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மனநல வல்லுநர்கள் என்று கூறப்படுபவர்களில் பள்ளி ஆலோசகர் இல்லை. 2021இல் வந்த தேசிய நலத்துறைத் தொழில்கள் ஆணையச் சட்டம்தான் உளவியலாளர்களையும் பலவகை ஆலோசகர்களையும் முதன்முறையாகத் தன் அட்டவணையில் சேர்த்தது. இனி பாடத்திட்டமும் பதிவேடும் அந்த ஆணையத்தின் கையில். கற்பிப்பவருக்கு என்ன தகுதி என்று அது எழுதப் போகும் வரிகளே அடுத்த முப்பது ஆண்டுகளைத் தீர்மானிக்கும்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும், அதில் நியாயமும் இருக்கிறது. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 15 கோடி இந்தியருக்கு மனநல உதவி தேவை. நோயின் வகையைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறுவதே இல்லை. வீடு பற்றி எரியும்போது முனைவர் பட்டம் எதற்கு, நிறைய ஆலோசகர்களை வேகமாகத் தயாரிப்போம் என்பது அந்த வாதம். கணக்குப் போட்டே பார்க்கலாம். நாட்டில் கல்லூரிகள் மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் ஆலோசகர், அவருக்கு வாரம் ஒரு மணி நேரம் மேற்பார்வை என்றால், ஒரு மேற்பார்வையாளர் பத்துப் பேரைப் பார்த்துக்கொண்டாலும் நாலாயிரம் மேற்பார்வையாளர்கள் வேண்டும். பள்ளிகளை இன்னும் சேர்க்கவே இல்லை. ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு முனைவர் மாணவர்களுக்கு மேல் எடுக்க முடியாது என்ற விதியையும் சேர்த்துப் பார்த்தால், இன்று தொடங்கினாலே காலம் போதாது என்று விளங்கும். ஆலோசகர் அவசரமாகத் தேவைப்படுவதால்தான் அவர்களின் ஆசிரியர்கள் முன்கூட்டியே தேவைப்படுகிறார்கள். மருத்துவக் கல்லூரிக்குப் பேராசிரியர் இல்லாமல் மருத்துவர் எண்ணிக்கையைக் கூட்டலாம் என்று எவரும் சொல்வதில்லை.

இதைவிட வலுவான மறுப்பு கோவாவிலிருந்து வருகிறது. சங்காத் என்ற தொண்டு அமைப்பும் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் அவருடைய சக ஆய்வாளர்களும், உளவியல் பட்டம் இல்லாத சாதாரண மக்களைப் பயிற்றுவித்தே மனச்சோர்வுக்குப் பயனுள்ள உதவி தர முடியும் என்று நிறுவினார்கள். அதே மரபில் 2018இல் தில்லி அரசுப் பள்ளிகளில் சுமார் 250 மாணவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. கையேடு மட்டும் பெற்றவர்களைவிட, பட்டமில்லா ஆலோசகரோடு பிரச்சினைகளை அலசித் தீர்வு தேடியவர்கள், தாங்கள் சொன்ன சிக்கல்களில் கூடுதல் முன்னேற்றம் கண்டார்கள். பொதுவான அறிகுறி அளவீட்டில் அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை. முனைவர்கள் இல்லாமலே நடக்கிறதே என்று இதைக் காட்டிக் கேட்கிறார்கள். ஆனால் இந்த ஆய்வுகளுக்குள் போய்ப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கோவாவில் அந்த ஆலோசகர்கள் தங்கள் உரையாடல்களைப் பதிவு செய்து, குழுவாக உட்கார்ந்து கேட்டு, தரம் மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை வைத்து ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டார்கள். முதலில் வல்லுநர்கள் வழிநடத்த, பிறகு தாங்களே நடத்தினார்கள். அந்த அளவுகோலை வடிவமைத்தவர்களும், சகாக்களின் மதிப்பீடு வல்லுநர் மதிப்பீட்டோடு ஒத்துப்போகிறதா என்று சோதித்தவர்களும் மேற்பார்வையையே ஆய்வுப் பொருளாக்கிக்கொண்ட ஆய்வாளர்கள். பட்டமில்லாத ஆலோசகர் பெருகப் பெருக மேற்பார்வையின் பளு கூடுகிறது. எச்ஐவி ஆலோசகர்களுக்காக மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் நடத்திய 'சக்ஷம்' திட்டத்திலும் பயிற்சியோடு களத்தில் துணைநிற்கும் மேற்பார்வையையும் இணைத்திருந்தார்கள். நிதி வந்த காலம்வரை ஓடும் திட்டங்கள் இவை. திட்டம் முடியும்போது அந்த அனுபவமும் சிதறிவிடாமல் ஏந்திக்கொள்ளும் இடம் பல்கலைக்கழகம்தான்.

மேற்பார்வையால் உண்மையில் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும். 2011இல் எட்வர்ட் வாட்கின்ஸ் என்ற உளவியலாளர் முப்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மேற்பார்வை சிகிச்சை பெறுபவரின் குணமடைதலை உயர்த்துகிறது என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்று எழுதினார். அதற்கு முன் 2006இல் ஆஸ்திரேலியாவில் பேம்ப்ளிங் குழுவினர் செய்த ஆய்வில், மேற்பார்வை பெற்றவர்களிடம் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்கள் நல்ல முன்னேற்றம் கண்டிருந்தார்கள். ஒன்றிரண்டு நல்ல ஆய்வுகளும் நிறைய மௌனமும் என்பதே நிலை. இது மேற்பார்வையைக் கைவிடுவதற்கான காரணம் ஆகாது. இந்த மௌனத்தை உடைக்க வேண்டியவர்கள் யாரோ அவர்களைத்தான் நாம் இன்னும் உருவாக்கவில்லை. தில்லிப் பள்ளி ஒன்றில், இந்தியில் நடக்கும் ஆலோசனையில், வாரம் ஒருமுறை மேற்பார்வையும் மாதம் ஒருமுறை மேற்பார்வையும் என்ன வேறுபாடு செய்கின்றன என்பது ஒரு முனைவர் ஆய்வுக்கு அருமையான கேள்வி. இன்னொரு பதற்ற அளவீட்டைவிட இது நமக்குப் பல மடங்கு பயன்படும்.

அமெரிக்கச் சரக்கை அப்படியே இறக்குமதி செய்கிறோம் என்ற அச்சத்தில் எனக்கும் பங்குண்டு. 2013 ஜூலைக்குப் பிறகு புதிதாகச் சேரும் முழுநேர ஆசிரியர்கள் ஆலோசகர் கல்வியில் முனைவராக இருக்க வேண்டும் என்று கேக்ரெப் கறாராக்கியபோது, உளவியலிலிருந்து வந்தவர்களுக்குக் கதவு ஏறக்குறைய அடைபட்டது. நம்மிடம் அனுபவசாலிகள் உளவியல், சமூகப் பணி, கல்வியியல், மனநல மருத்துவம் என்று சிதறிக் கிடக்கிறார்கள். அப்படி ஒரு கதவை இங்கே வைத்தால் உள்ளே நுழைய யாருமே இருக்கமாட்டார்கள். மொழியும் நம்முடைய தனிச் சிக்கல். பாடம் ஆங்கிலத்தில், மாணவர் பேசுவது இந்தியிலோ பஞ்சாபியிலோ மைதிலியிலோ. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளும் சிபிஎஸ்இ விதிக்குள் வருபவைதான். அங்கே ஒரு பிள்ளை, அம்மா அப்பாவிடம் சொல்ல முடியாததைத் தமிழும் இந்தியும் கலந்து சொல்கிறது என்றால், அந்தப் பதிவைக் கேட்டுத் திருத்த வேண்டிய மேற்பார்வையாளருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். மொழிபெயர்த்த எழுத்துப்படியில் தயக்கம் தெரியாது, பெருமூச்சு தெரியாது. பல மொழி மேற்பார்வையை எப்படிச் செய்வது என்பதற்கு அமெரிக்கப் பாடநூலைவிட நம் களமே பெரிய பள்ளிக்கூடம். இறக்குமதி செய்யத் தக்கது அந்தப் பட்டத்தின் அடிப்படைக் கருத்து ஒன்றுதான்: கற்பிக்கும் ஒருவர், தான் கற்பிப்பதைச் செய்துகாட்டித் தேறியிருக்க வேண்டும்.

இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை. 2022 விதிமுறைகளே எந்தத் துறை முனைவர் மாணவரும் கற்பித்தலில் பயிற்சி பெற வேண்டும் என்றும், வாரம் நான்கு முதல் ஆறு மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி தரலாம் என்றும் சொல்கின்றன. ஆலோசனைத் துறையில் அந்த மணிகளை முதுகலை மாணவர்களை மேற்பார்வை செய்வதற்கு ஒதுக்கலாம். பாடநெறியின் கிரெடிட்டுகளில் ஒரு பகுதியை மேற்பார்வைக் கோட்பாட்டுக்கும், ஒப்புதல், இரகசியம், ஒலிப்பதிவைப் பாதுகாத்தல் ஆகியவற்றுக்கும் தரலாம். சேர்க்கைக்கு நெட் மதிப்பெண்ணோடு, இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஆலோசகராகப் பணிபுரிந்த சான்றையும் நேர்காணலில் மதிப்பிடலாம். பணியில் இருக்கும் இவிஜிசி ஆலோசகர்களுக்கு ஊதியத்தோடு கூடிய படிப்பு விடுப்பு கொடுத்தால் இந்தப் பட்டம் வசதி படைத்தவர்களின் சொத்தாகிவிடாது. முனைவர் மாணவர்களுக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்று உயர்ந்திருந்தாலும், குடும்பத்தைத் தாங்கும் நாற்பது வயதுப் பள்ளி ஆலோசகர் ஒருவர் வேலையை உதறிவிட்டு வர அது போதாது. முதல் தொகுதிக்கு மேற்பார்வை செய்யப் போவது யார் என்ற கடைசிக் கேள்விக்கும் வழி இருக்கிறது. பதினைந்து ஆண்டு தொழில் அனுபவம் உள்ளவர்களை, முனைவர் பட்டம் இல்லாவிட்டாலும், பல்கலைக்கழகங்கள் நடைமுறைப் பேராசிரியர்களாக அமர்த்தலாம் என்று 2022இல் மானியக் குழு அனுமதித்தது. ஆய்வேட்டுக்கு முறையான நெறியாளர் ஒருவர், ஆலோசனை அறைக்கு அப்படிப்பட்ட மூத்தவர் ஒருவர் என்று முதல் ஐந்தாறு ஆண்டுகளை ஓட்டிவிட முடியும். ஷாதராவின் இஹ்பாஸ் போன்ற மனநல நிறுவனங்களிலும், என்சிஇஆர்டியிலும், அம்பேத்கர் பல்கலைக்கழகத்திலும், தொண்டு நிறுவனங்களிலும் இந்தத் தலைமுறை இன்னும் பணியில் இருக்கிறது. அவர்களில் பலர் அடுத்த பத்தாண்டுக்குள் ஓய்வுபெற்றுவிடுவார்கள்.